கறையக்காவின் கட்டைவிரல்

அந்த ஓட்டலின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. மேலே வந்து தங்குகிறவர்களுக்கு அப்படியோர் இடம் இருப்பதே தெரியாது. விரிப்பு, துண்டு, தலையணை உறை என்று வண்டி வண்டியாக லிஃப்டில் இறங்கி வரும். பெரிய இயந்திரங்களுக்குள் போவதற்கு முன்னால் அத்தனையும் ஒரு மேஜையைத் தாண்டியாக வேண்டும். அந்த மேஜைக்குச் சொந்தக்காரி, ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. காப்பியோ, மையோ, உதட்டுச் சாயமோ, இரத்தமோ, எதைக் கொண்டுவந்து போட்டாலும் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிப் பார்ப்பாள். இன்னதுதான் என்று முடிவுகட்டி, அதற்குரிய மருந்தை ஊற்றி, தேய் தேய் என்று தேய்த்து அதை ஒழித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அதனால் கூடத்தில் எல்லோருக்கும் அவள் கறையக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளா என்பதே சந்தேகம்தான்.

ஊர் உலகத்துத் துணிக்கெல்லாம் இப்படி வைத்தியம் பார்த்தவள் தன் தோலுக்கு என்ன செய்தாள் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. முகத்துக்கு ஒரு சோப்பு. அது தீர்ந்துபோன நாளில் துணி சோப்பு. வீட்டில் மருமகள் அழகு நிலையத்தில் வேலை செய்கிறவள். குளியலறை அலமாரியில் அவளுடைய புட்டிகள் சிறிதும் பெரிதுமாக வரிசை கட்டி நிற்கும். "இத்தனையையும் பூசி முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சுடும்" என்று மாமியார் முணுமுணுப்பாள். மருமகளும் லேசுப்பட்டவள் இல்லை. "துணி கிழிஞ்சா வேற வாங்கிக்கலாம் அத்தை. மூஞ்சிக்கு எங்க போறது?" என்பாள். சண்டை அதற்கு மேல் போகாது. இரண்டு பேருக்குமே மறுநாள் வேலைக்குப் போக வேண்டும்.

கறையக்காவின் கணவர் லாரி ஓட்டியவர். கண்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் மிச்சம். சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து முகம் கழுவியதும் இருவரும் தெருக்கோடி வரைக்கும் நடந்துவிட்டு வருவார்கள். அவளுடைய வலது கையில் பை, இடது கையில் அவர். கல்யாணமான புதிதில் ஆள் பார்க்கக் கையைப் பிடிக்கக் கூசிய மனிதர், இந்த வயதில் விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தார். அவளுடைய கை மணல்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். "இந்தக் கையைப் பிடிச்சாத்தான் எனக்கு நிம்மதி. ஆயிரம் பேர்ல இது தனியாத் தெரியும்" என்று அவர் சொல்லுவார். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் கூடத்து வாசலில் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அதன் கண்ணாடியில் விரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும், வருகை பதிவாகிவிடும். எல்லோருக்கும் எரிந்தது. கறையக்கா விரலை வைத்தால் சிவப்பு. "மீண்டும் முயற்சி செய்யவும்" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் சொன்னாள். குரல் மட்டும் என்னவோ தேன்தான். மறுபடி வைத்தாள், மறுபடி அதே உபசாரம். வேறு விரல், மற்றொரு கை, எதற்கும் அது மசியவில்லை. பின்னால் நின்ற வரிசை நெளிய ஆரம்பித்தது.

சில நாள் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் அவளைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், பாவம்.

"நான் என்னக்கா பண்றது, மேல இருந்து உத்தரவு. மெஷின்ல ஏறினாத்தான் வேலைக்கு வந்த மாதிரியாம். இந்த மாசக் கடைசிக்குள்ள ஏறாதவங்களை நிறுத்திடச் சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

கறையக்கா மேஜைக்குத் திரும்பி வந்தாள். மகனும் மருமகளும் பட்டினி போட்டுவிட மாட்டார்கள், அது அவளுக்கே தெரியும். ஆனால் அந்த மேஜையை விட்டால் அவள் யார்? வீட்டில் ஏற்கெனவே ஒருத்தர் வேலையைப் பறிகொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்திலேயே இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. அவரிடம் இதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

அன்று மதியம் மேஜை விளக்கின் கீழே கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தாள். வழவழவென்று, லேசாகப் பழுப்பேறிக் கிடந்தது. சரிதான், விஷயம் இதுதானா என்று அவளுக்குப் பாதி உயிர் வந்தது. கறை! வேறென்ன? கறைதான் அந்தப் பெட்டியின் கண்ணை மறைக்கிறது. இந்த யோசனை வேறு யாருக்காவது வருமா சொல்லுங்கள். துருக் கறைக்கு ஊற்றுகிற மருந்தை எடுத்தாள், பிரஷ்ஷை எடுத்தாள், தன் கட்டைவிரலையே மேஜைமேல் வைத்து, வேறு யாருடைய தலையணை உறையையோ தேய்ப்பதுபோல ஈவிரக்கமில்லாமல் தேய்த்தாள். விரல் பளபளவென்று சுத்தமாயிற்று. ஓடிப்போய்ப் பெட்டியில் வைத்தாள். உள்ளே இருந்தவள் அதே தேன்குரலில் மீண்டும் முயற்சி செய்யச் சொன்னாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் விரல் வெடித்துவிட்டது.

துணி சுற்றிய விரலோடு பாத்திரம் கழுவப் போனவளை மருமகள் பிடித்துக்கொண்டாள்.

"என்னத்தை இது? என்ன போட்டீங்க இதுக்கு?"

"துருக் கறைக்குப் போடறதுதான்."

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தன் வேலைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, மாமியாரை விளக்கடியில் உட்காரவைத்து, விரல் விரலாகப் பார்த்தாள்.

"கறை ஒண்ணும் இல்லை அத்தை. ரேகையே இல்லை. மருந்துலயும் தண்ணிலயும் தேய்ச்சுத் தேய்ச்சு நீங்களே போக்கிட்டீங்க."

கறையக்கா தன் கைகளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். எத்தனை கறையைப் போக்கியிருப்பாள்! கடைசியில் இதையும் சேர்த்துப் போக்கிவிட்டாளே!

"திரும்ப வருமா?"

"வரும். தோலு வளர்ற ஜாதிதானே. ஆனா நான் சொல்றதைக் கேக்கணும், குறுக்கே பேசக் கூடாது."

குறுக்கே பேசாமல் இருப்பதுதான் அவளுக்கு ஆகாத காரியம். ஆனாலும் என்ன செய்ய, தலையை ஆட்டினாள். மருமகள் அலமாரியிலிருந்து அந்த வண்ண வண்ணப் புட்டிகள் ஒன்றையும் எடுக்கவில்லை. வாசனையே இல்லாத ஒரு வெள்ளைக் களிம்பு டப்பாவை எடுத்தாள். காரமில்லாத சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், துடைக்காமல் ஒற்றியெடுக்க ஒரு மெல்லிய துணி, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் பட்டாணி அளவு களிம்பு. கூடத்தில் கையுறை. அவ்வளவுதான் வைத்தியம். "மூஞ்சிக்கும் கொஞ்சம் போட்டுக்குங்க, காசா கேக்குது" என்று கன்னத்தில் இரண்டு பொட்டு வைத்துவிட்டாள். இத்தனை வயதுக்கு மேல் தனக்கு இது தேவையா என்று கறையக்கா சங்கடப்பட்டாள். ஆனால் கன்னம் இழுத்துப் பிடிக்காமல் இருந்தது சுகமாகத்தான் இருந்தது. அதையும் வெளியே சொல்லவில்லை.

ஆரம்பத்தில் கூத்துதான். களிம்பு வேலை செய்வதென்றால் பெட்டிக்கு முன்னால் போட்டால்தானே நல்லது என்று வாசலில் நின்று அப்பிக்கொண்டு விரலை வைத்துவிட்டாள். கண்ணாடி முழுக்க வழவழப்பு. அதற்குப் பிறகு வந்த ஒருத்தருக்கும் பச்சை எரியவில்லை. இஸ்திரி மெஷினில் நிற்கும் பெண், "ஒத்தையா போக மாட்டேன், எல்லாரையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்னு முடிவு பண்ணிட்டியாக்கா?" என்று கேட்டாள். மேற்பார்வையாளர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார்.

கையுறை இன்னொரு தொல்லை. அதைப் போட்டுக்கொண்டு கறையைத் தடவினால் காப்பி எது, மை எது என்று ஒன்றும் பிடிபடவில்லை. முதல் நாட்களில் மூக்கைத் துணியோடு ஒட்டிவைத்து மோந்து பார்த்தே சமாளித்தாள். பிறகு கண்ணுக்கே பழகிவிட்டது. கைகள் மெல்ல மெல்லத் தெளிந்தன. வெடிப்புகள் மூடின. பூதக்கண்ணாடியில் பார்த்த மருமகள், "லேசா கோடு தெரியுது அத்தை" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை என்று சொன்னால் மிகையில்லை.

அன்று சாயங்காலம் நடக்கக் கிளம்பினார்கள். கதவைப் பூட்டிவிட்டு வழக்கம்போல் அவருடைய கைக்குள் தன் கையை வைத்தாள். அவர் வெடுக்கென்று உருவிக்கொண்டார்.

"யாரும்மா அது?"

"நான்தாங்க. வேற யாரு வருவா உங்க கையைப் பிடிக்க?"

அவர் சிரித்தார். "இல்லை, யாரோன்னு நினைச்சுட்டேன்" என்று மறுபடி பிடித்துக்கொண்டார். ஆனால் அந்தப் பிடி பழைய பிடி இல்லை. ஏதோ விருந்தாளியின் கையைப் பிடிப்பதுபோலப் பட்டும் படாமல் பிடித்து நடந்தார். கறையக்காவும் சிரித்துத்தான் வைத்தாள். தெருக்கோடி போய்த் திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெட்டிக்கு அடையாளம் தெரியவேண்டும் என்று கிளம்பினால், மனுஷனுக்குத் தெரியாமல் போய்விடுகிறதே. அவருக்கு மிச்சம் இருந்த கண் அந்தக் கைதானே.

அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. வலது கை பெட்டிக்கு, இடது கை அவருக்கு. அன்றிலிருந்து களிம்பு வலது கைக்கு மட்டும். கூடத்தில் இடது கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். மருமகள் பூதக்கண்ணாடியை எடுத்தால் வலது கையை மட்டும் நீட்டினாள். இடது கை வெகு சீக்கிரம் பழையபடி சொரசொரத்தது, வெடிப்பும் கூடவே வந்தது. சாயங்காலங்களில் அவர் பிடி இறுகியது. வலித்தது, அதனால் என்ன என்று நடந்தாள்.

மாதக் கடைசி நாள் வந்தது. மேற்பார்வையாளர் பெட்டிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். கறையக்கா விரலைத் துணியில் ஒற்றி, கண்ணாடியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி கொஞ்சம் யோசித்தது. பிறகு பச்சை எரிந்தது. "வருகை பதிவானது, நன்றி" என்றாள் உள்ளே இருந்தவள். பின்னால் நின்ற வரிசை முழுக்கக் கைதட்டியது. "நீ எதுக்கு நன்றி சொல்றே" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் போனாள்.

அன்று சாயங்காலம்தான் நடந்துகொண்டே அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பெட்டி, சிவப்பு விளக்கு, வேலை போக இருந்தது, மருமகள் கொடுத்த களிம்பு, இன்றைக்குப் பச்சை எரிந்தது. கேட்டுக்கொண்டே வந்தவர் சந்தோஷம் தாங்காமல் அவள் கையை அழுத்திப் பிடித்தார். அவளையும் மீறி "ஸ்ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லைங்க. சின்ன வெடிப்பு."

அவர் நின்றுவிட்டார். அவளுடைய கையைத் தேடிப் பிடித்து, உள்ளங்கையிலும் விரல்களிலும் மெதுவாகத் தடவினார். சொரசொரப்பு ஓரிடத்தில் ஈரமாக இருந்தது.

"நடுவுல நல்லாத்தானே இருந்துச்சு. நான்கூட யாரோன்னு நினைச்சேனே."

"அதான் இந்தக் கைக்குக் களிம்பு போடறதை விட்டுட்டேன். உங்களுக்கு இதுதானே அடையாளம்."

அவர் அந்த ஈரத்தை மறுபடி தொட்டுப் பார்த்தார். தெருவில் சைக்கிள் ஒன்று மணியடித்து விலகிப் போயிற்று.

"இதெல்லாம் புண்ணா?" என்றார் கடைசியில். "நான் உன் கையே இப்படித்தான்னு நினைச்சேன். இத்தனை வருஷமும் நான் பிடிச்சப்பல்லாம் வலிச்சுதா உனக்கு?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். முடியவில்லை.

அதற்கு மேல் அவர் நடக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பச் சொன்னார். வந்ததும் அந்தக் களிம்பு டப்பாவைக் கேட்டு வாங்கி மூடியைத் திறந்து, அள்ளி, அவளுடைய இடது கையில் அப்பத் தொடங்கினார். விரல் இடுக்கெல்லாம் தேடித் தேடித் தடவியவர் முழங்கைக்கும் போய்விட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மருமகள் பார்த்துவிட்டு, சத்தம் காட்டாமல் உள்ளே போனாள்.

"போதுங்க. பட்டாணி அளவு போட்டாப் போதுமாம்."

"நேத்து வரைக்கும் விட்டதையும் சேர்த்துப் போடறேன். நீ சும்மா இரு."

"அப்புறம் நாளைக்கு யாரும்மா அதுன்னு கேப்பீங்க."

"கேட்டா நீ வாயைத் திற, போதும்" என்றார் அவர். "கைதானே மாறும்."