நான் திரும்பப் பெற்ற கையெழுத்து

பாரீசின் புறநகரில் நான் ரயில் ஏறும் நிலையத்தில் சில வாரங்களில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருப்பார்கள். வியாழக்கிழமை ‘கிரேவ்’, மூன்று ரயிலுக்கு ஒன்றுதான் ஓடும் என்று அதில் இருக்கும். கிரேவ் என்றால் வேலைநிறுத்தம். செய்யப் போகிறவர்கள் நாலு நாள் முன்பே, மழை வரும் என்று சொல்வதுபோல ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, சொன்ன நாளில் செய்துவிட்டு, மறுநாள் அதே சீருடையில் வந்து வேலை பார்ப்பது வந்த புதிதில் எனக்கு விளங்கவே இல்லை. ஒருமுறை என் பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார அம்மாள் தாளைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “அது அவர்கள் உரிமை, என்ன செய்வது” என்று சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டார். நான் காரைக்காலில் பார்த்த ஒரே வேலைநிறுத்தத்தை நினைத்துக்கொண்டே ரயில் ஏறினேன். அதைப் பற்றி இதுவரை யாருக்கும் எழுதியதும் இல்லை. ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு எந்தத் தொழிற்சாலை என்று தெரிந்துவிடலாம். தெரிந்தால் பெயரை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் காரைக்கால் பக்கம் விழிதியூர். பன்னிரண்டாவது முடித்துவிட்டு, திருமலைராயன்பட்டினம் தாண்டி இருந்த ஒரு டைல்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். சூளையிலிருந்து வரும் தரை ஓடுகளைத் தட்டிப் பார்த்து, கீறல் விழுந்ததை ஒதுக்கி, நல்லதை அட்டைப்பெட்டியில் அடுக்குவது பெண்களின் வேலை. காலையில் உடுத்திப்போன தாவணி என்ன நிறமாக இருந்தாலும் மாலையில் சாம்பல் நிறமாகத் திரும்பும். நிரந்தரமாக்க வேண்டிய நாள் நெருங்கும்போது ‘பிரேக்’ என்று சொல்லிப் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பதினோராம் நாள் புதிதாகச் சேர்ந்தவர்கள்போல எழுதிக்கொள்வார்கள். நாலு வருஷமாகப் புதிதாகவே இருந்த பெண்கள் அங்கே உண்டு. பெண்களுக்கு இருந்த ஒரே கழிப்பறைக்குக் கதவு கிடையாது; சாக்குத் துணி தொங்கும். ஒருத்தி போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து இடத்தை விட்டுப் போனதற்குச் சூப்பர்வைசர் கத்துவார்.

என்னோடு காவல் நின்றவள் அஞ்சலை. பட்டினச்சேரிக் கடற்கரைக்காரி. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஆனாலும் “அக்கான்னு கூப்புடாதடி, கெழவி மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டாள். எட்டாவது படித்தவள். கடலோரத்தில் காற்றுக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய குரல் அவளுக்கு. அவள் மெதுவாகப் பேசினாலே சூளை வரை கேட்கும். அந்தக் குரலில்தான் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் கேட்டாள்: “மாட்டுக்குக்கூட தொழுவத்துல ஒரு படல் வச்சுருக்கான். நமக்கு ஒரு கதவு கேக்குறதுக்கு ஏன்டி எல்லாரும் தலையக் குனியிறீங்க?”

அப்படித்தான் சங்கம் ஆரம்பித்தது; அஞ்சலையே தலைவி. ஆண்களில் சிலர் சேர்ந்தார்கள். வெளியிலிருந்து ஒரு தொழிற்சங்கத் தலைவர் வந்து, பதிவு செய்ய வேண்டும், கையெழுத்து வேண்டும் என்றார். அஞ்சலை ஒரு நீள நோட்டோடு வீடு வீடாகப் போனாள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா நாற்றங்காலுக்குப் போயிருந்தார். நான் எட்டாவதாகக் கையெழுத்துப் போட்டேன். அதில் பெருமைகூட இருந்தது எனக்கு.

இரண்டு வாரம் கழித்து எனக்குப் பிரான்சிலிருந்து வரன் வந்தது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த காலத்தில் மாப்பிள்ளையின் தாத்தா அவர்கள் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அந்த வழியில் குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வரன் வந்தால் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனியில் யார் சொன்னார்களோ, மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தக் குளிரூட்டிய அறையில் முதல்முறையாக எனக்கு நாற்காலி காட்டப்பட்டது. ஒருமையில் கூப்பிட்டவர் அன்று “உக்காருங்கம்மா” என்றார். மேசையில் தட்டச்சு செய்த ஒரு கடிதம் இருந்தது.

“பிரான்ஸ் போகப் போறீங்களாம், ரொம்ப சந்தோஷம். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணையெல்லாம் வரும். இந்த நேரத்துல சங்கம், ஸ்ட்ரைக்குன்னு பேரு எதுக்கு? நாளைக்கு இங்க இருக்கப் போறவங்க கவலைப்படட்டும்.”

அஞ்சலை என்னை மிரட்டிக் கையெழுத்து வாங்கினாள், அதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று கடிதத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அஞ்சலை அட்டைப்பெட்டிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றாள். விஷயம் அதற்குள் தெரிந்திருந்தது.

“படிச்சுப் பாத்தியாடி?”

“இல்ல. போடச் சொன்னாங்க, போட்டேன்.”

பொய். இரண்டு முறை படித்திருந்தேன். அவள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்னைப்போல இன்னும் மூன்று பேர் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நாலு கடிதங்களை வைத்து அவளை வேலையை விட்டு நீக்கினார்கள். பதிவு முடியாத சங்கத்துக்குத் தலைவியாக இருந்ததால் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லையாம். அவளுக்காக மற்றவர்கள் வேலையை நிறுத்திக் கம்பெனி கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கல்யாணப் புடவை எடுக்கக் காரில் போனபோது அந்தப் பந்தலைத் தாண்டிப் போனேன். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிடச் சொன்னேன். தூசி என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

இங்கே வந்து நான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறேன். கணவருக்கு ஒரு உணவகச் சமையல்கூடத்தில் மாலை ஷிப்ட். நான் வீடு திரும்பும்போது அவர் கிளம்பியிருப்பார். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் துண்டுச் சீட்டுகளில்தான் முதல் இரண்டு வருஷம் குடும்பம் நடத்தினோம். வேலையிலும் பேச்சுத் துணை இல்லை. நாள் முழுக்க யாரோ தூங்கி எழுந்த படுக்கையை விரிக்கிறேன். அவர்களில் ஒருவரின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. சில நாட்களில் தலையணையில் இருக்கும் பள்ளத்தைப் பார்த்து “எந்த ஊருங்க?” என்று தமிழில் கேட்டிருக்கிறேன். யாராவது கேட்டால் பைத்தியம் என்பார்கள்.

ஹோட்டலில் வேலை செய்தாலும் எங்களை வேலைக்கு வைத்திருந்தது ஒரு துப்புரவு கான்ட்ராக்ட் கம்பெனி. நேரத்துக்குள் முடிக்க முடியாத அளவுக்கு அறைகளைக் கொடுத்துவிட்டு, முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பார்கள். அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதி பிந்தா. மாலி நாட்டுக்காரி, ஆறடி உயரம். ஒருநாள் உடைமாற்றும் அறையில் என்னிடம், “நீ சேந்திக்கேயா?” என்று கேட்டாள். எங்கள் அடுக்குமாடியைப் பராமரிப்பவரைச் சேந்திக் என்பார்கள். குளியலறைக் குழாய் ஒழுகுவதாக அவரோடு எங்களுக்கு ஒரு மாதமாகத் தகராறு. “ஆமாம், நேற்று வந்தார், சரிசெய்யாமல் போய்விட்டார்” என்றேன். பிந்தா சிரித்துச் சிரித்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒரு தாளைக் காட்டி, சேந்திக்கே என்றால் சங்கத்தில் சேர்ந்தவள் என்று விளக்கினாள். சங்க உறுப்பினர் படிவம். என் கை பின்னுக்குப் போய்விட்டது. ‘கார்த்’ எனும் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கும் வரை முடியாது என்று சொன்னேன். வீட்டில் கணவரும், “கார்த் கைக்கு வர்ற வரைக்கும் எதுலயும் பேரு குடுக்காத” என்றுதான் சொன்னார். பிந்தா வற்புறுத்தவில்லை. “சரி கோமதி” என்று தாளை மடித்துக்கொண்டாள். வற்புறுத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து அவர்கள் கிரேவ் செய்தார்கள். காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது ஹோட்டல் முகப்பில் இருபது பெண்கள் பிளாஸ்டிக் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வேலைக்காரர்கள் நுழைகிற வழி கட்டிடத்தின் பின்புறம். அதற்குப் போக அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். பிந்தா என்னைப் பார்த்தாள், கூப்பிடவில்லை. நான் துணிச்சல்காரி என்று எழுதிக்கொள்ள எனக்கு ஆசைதான். நடந்தது வேறு. அவர்களைத் தாண்டும்போது ஏற்றிவிட ஒரு கார்க் கண்ணாடி அன்று எனக்கு இல்லை. நின்றேன். யாரோ என் கையில் ஒரு வாளியைக் கொடுத்தார்கள்.

மூன்று வாரம் குளிரில் நின்றோம். கடைசியில் கொடுக்கும் அறைகளைக் குறைத்தார்கள், கூடுதல் நேரத்தை எழுதிக்கொள்ளச் சம்மதித்தார்கள். எல்லாம் கிடைக்கவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம், மறுநாள் பிந்தா வேலைக்கு வந்தது. அதே தள்ளுவண்டி, அதே மாடி. பிரதிநிதியை நினைத்தபடி நீக்க முடியாது, சட்டம் இருக்கிறது என்றாள். வெற்றி விருந்துக்கு அவள் நிலக்கடலைக் குழம்பும் சோறும் சமைத்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் தங்கள் மொழியில் பாடினார்கள். நான் தட்டோடு ஒரு மூலையில் உட்கார்ந்து, பட்டினச்சேரியில் இருக்கும் அஞ்சலையிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன்.

அடுத்த வருஷம் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது அஞ்சலையைத் தேடிப் போனேன். கடல் பொங்கி வந்தபோது அவர்கள் வீடு போய்விட்டது. இப்போது சுனாமி குடியிருப்பில் இருந்தாள். நான் போனபோது வாசலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். “என்னாடி, குளிருக்கு வெளுத்துப் போயிட்டியே” என்றாள், நேற்றுதான் பார்த்ததுபோல. தேநீர் வந்தது. அது ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன்.

“அன்னிக்குப் படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“தெரியும். எட்டாவது படிச்ச நானே ஒரு காயிதத்தப் படிக்காமப் போட மாட்டேன். நீ பன்னெண்டு படிச்சவ.”

“ஏன் கேட்ட பின்ன?”

“படிச்சேன்னு சொல்லுவியான்னு பாத்தேன்.”

கருவாட்டின் மேல் உட்கார்ந்த காக்கையை விரட்டிவிட்டு அவளே பேசினாள். பந்தலில் உட்கார்ந்தவர்கள் நாற்பதாம் நாள் ஒப்பந்தம் ஆகி வேலைக்குத் திரும்பினார்கள். கழிப்பறைக்குக் கதவு வந்தது. பிரேக் கொடுப்பது நின்றது, பாதிப்பேர் நிரந்தரமானார்கள். அவள் வேலையை மட்டும் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று வெளித்தலைவர் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது.

“அப்ப சங்கத்தால உனக்கு என்ன கெடச்சுது?” என்றேன். அவளைவிட எனக்குத்தான் ஆறுதல் தேவைப்பட்டது.

“எனக்கு ஒண்ணும் கெடைக்கல. சேந்தா லாபமான்னு கேட்டா, லாபந்தான்டி. இன்னிக்குப் புதுசா வர்ற பொண்ணு கதவத் தாப்பா போட்டுக்கிட்டுப் போறா. அந்தக் கதவ யாரு கேட்டான்னு அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்.” இன்னொரு கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “மே தினத்துக்குக் கூப்புடுவாளுங்க. போவேன். நாங்க எல்லாம் ஒண்ணா நின்னு ஒரு போட்டோ எடுத்துக்குவோம்.”

பிரான்சில் நானும் நின்றேன், மூன்று வாரம், என்று சொன்னேன். “அப்புடியா” என்றாள். நிஜமான சந்தோஷத்தோடு என் முழங்கையைப் பிடித்தாள். “நல்லதுடி. அங்கயாச்சும் நின்னியே.” கிளம்பும்போது ஒரு பொட்டலம் வஞ்சிரக் கருவாடு கொடுத்தாள். தெருவைத் தாண்டி வந்த பிறகும் அவள் சொன்ன ‘நாங்க’ என்னோடு வந்தது. நாங்க என்றால் கேட்கிறவள் சேர்த்தி இல்லை. அவள் அதை வன்மத்தோடு சொல்லவில்லை. தமிழ் அப்படி, அவ்வளவுதான்.

திரும்பி வந்த மாதத்தில் ஹோட்டலில் மூன்று புதுப் பெண்கள் சேர்ந்தார்கள், மூவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். பிரெஞ்சு இன்னும் வரவில்லை. சங்கக் கூட்டத்தில் பிந்தா பேசப் பேச நான் மொழிபெயர்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. பிந்தா எழுந்து, மார்பில் கைவைத்து, “நூ அவோன் காஞ்ஞே” என்றாள். ஜெயித்தோம் என்கிறாள். நாம், நாங்கள் இரண்டுக்கும் பிரெஞ்சில் ‘நூ’ ஒன்றுதான். யார் உள்ளே, யார் வெளியே என்று அந்தச் சொல் சொல்லாது. மூன்று பெண்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அந்தக் குளிரில் நிற்காதவர்கள். தமிழில் அதற்கு ஒரே சொல்தான் சரி.

“நாங்க ஜெயிச்சோம்” என்றேன்.

முன்வரிசையில் இருந்தவள் கேட்டாள்: “நீங்களும் நிண்டனீங்களோ அக்கா?”

“நின்னேன்” என்றேன். பிந்தா அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டாள். அது என் காதில் விழவில்லை. என் ஊரில் எனக்கு இல்லாமல் போன ஒரு சொல்லை, என் ஊரைப் பார்த்தே இராதவர்கள் நடுவில் நின்று சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொல்லிப் பிந்தாவிடம் கேட்டேன்.