மயில்வாகனத்தின் நாற்பத்தொரு அட்டைகள்

1968-ல் பிள்ளையார்பாளையத்தில், பட்டுச்சேலை டிசைனுக்காகத் தறியில் மாட்டும் ஜக்கார்டு அட்டை குத்துகிறவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் குமாரவேலிடம் மட்டும்தான் சேலை முதலாளிகள் வேலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். கட்டத்தாளில் வண்ணம் தீட்டிய கட்டம் என்றால் அட்டையில் துளை. வெற்றுக் கட்டம் என்றால் துளை கிடையாது. தறியில் அந்தத் துளைகளின்படிதான் பாவு நூல் எழும்பி முந்தானையில் அன்னம் விழும். ஒரு துளை பிசகினால் அன்னத்துக்கு மூக்கு போய்விடும். குமாரவேலின் அன்னங்களுக்கு மூக்கு போனதே இல்லை.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. யாரும் கேட்டுக்கொள்ளாத வேலை. உள்ளாட்சிகள் சார்பில் சட்டமன்ற மேல்சபைக்குப் போயிருந்த வாலாஜாபாத் அரிசி மில்காரர் மயில்வாகனம், அங்கே எதற்கெல்லாம் ஓட்டுப் போடுகிறார் என்று குறித்து வைத்தார். ஊர்க் கூட்டங்களில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற மனிதர் சபையில் என்னதான் செய்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

நூலகத்துக்கு மேல்சபை நடவடிக்கைப் புத்தகங்கள் வரும். பெயர் வாரியாக வாக்கெடுத்த நாட்களில் ஆதரித்தவர்கள் ஒரு பட்டியல், எதிர்த்தவர்கள் ஒரு பட்டியல் என்று அச்சாகியிருக்கும். ஞாயிறு காலையில் போய், இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி மயில்வாகனத்தின் பெயரைத் தேடுவார். வீட்டுக்கு வந்து ஒரு வாக்கெடுப்புக்கு ஒரு அட்டை எடுப்பார். ஆதரித்திருந்தால் துளை. எதிர்த்திருந்தால் வெற்று அட்டை. ஆறு வருடத்தில் நாற்பத்தொரு அட்டைகள் சேர்ந்தன.

பதவிக்காலம் முடிந்து மயில்வாகனம் தேர்தலில் மறுபடியும் நின்றார். ஓட்டுப் போடுகிறவர்களில் நகராட்சி கவுன்சிலர்களும் உண்டு. வார்டு கவுன்சிலர் குப்புசாமி அட்டைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார். "கைத்தறி விஷயத்துல ஆளு எப்பிடிப்பா?"

கைத்தறி ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்ற தீர்மானமும் அதன் மூன்று திருத்தங்களும் ஒரே நாளில் வாக்கெடுப்புக்கு வந்திருந்தன. குமாரவேல் நான்கு அட்டைகளையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒன்றில்கூடத் துளை இல்லை.

"எதுத்துட்டாரு."

அது போதும். குமாரவேல் அட்டை பொய் சொல்லாது என்று கவுன்சிலர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி, மயில்வாகனத்துக்கு ஓட்டு இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

தேர்தலுக்கு ஆறு நாள் இருக்கும்போது குமாரவேலின் மனைவி மங்கையர்க்கரசி அந்த அட்டைகளை நூலில் கோத்துக்கொண்டிருந்தாள். தறிக்குப் போகிற அட்டைகளைக் கோப்பதும் எப்போதும் அவள் வேலை.

"இன்னாங்க, அந்த ஆளு அன்னிக்கு சபைக்கு வந்தாரா?"

"வராம எப்பிடி எதுப்பாரு?"

"வராட்டியும் அட்டை இப்பிடித்தானே இருக்கும்?"

குமாரவேல் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அட்டை குத்துகிறவனின் கண் வண்ணம் தீட்டிய கட்டத்தை மட்டுமே தேடும். வெற்றுக் கட்டத்தை யாரும் படிப்பதில்லை. ஆறு வருடமாக ஆதரித்தவர் பட்டியலை மட்டும் பார்த்திருந்தார். எதிர்த்தவர் பட்டியலின் பக்கம் கண் போனதே இல்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு நூலகத்துக்கு ஓடினார். அந்த நான்கு வாக்கெடுப்பிலும் மயில்வாகனத்தின் பெயர் இரண்டு பட்டியலிலும் இல்லை. அங்கிருந்தே வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறினார்.

மில்லில் மயில்வாகனம் ஒளிக்காமல் சொன்னார்: "கட்சி எதுக்கச் சொல்லிச்சு. எனக்கு மனசு வரல. எழுந்து வெளிய போய்ட்டேன். நான் எதுக்கலன்னு போய்ச் சொல்லுப்பா, போதும்."

"ஆதரிக்கவும் இல்லன்னு சொல்லுவேன், ஐயா."

"அதையும் சொல்லணுமா?"

"ரெண்டும்தானே நடந்துது?"

"உன்ன மாதிரி ஆளுக்கு வேண்டியவனா இருக்கறதுக்கு எதிரியா இருக்கறதே மேல்" என்றார் மயில்வாகனம்.

மறுநாள் கவுன்சிலர்கள் கூடியிருந்த இடத்துக்குக் குமாரவேல் தானே போனார். இரண்டு சேலை முதலாளிகளும் அங்கே இருந்தார்கள். அவர்கள் வேலையில்தான் அவர் அடுப்பு எரிந்தது. அவர்கள் காதில் விழும்படியே சொன்னார். "நான் குறிச்சது தப்பு. அவரு எதுக்கல, ஆதரிக்கவும் இல்ல. வெளிய போய்ட்டாரு. துளை இல்லாத மத்த அட்டைங்களையும் நம்பாதீங்க. இன்னும் பாத்துக்கினு இருக்கேன்."

முதலாளிகளில் ஒருவர், "நாளைக்கு என் டிசைன் தாளைத் திருப்பிக் குடுத்துடு. வேற ஆளுகிட்ட குடுத்துக்கறேன்" என்றார். குமாரவேல் சரி என்றார்.

குப்புசாமிக்கு எரிச்சல். "ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேனே. இனிமே நீ சொல்றத எப்பிடிப்பா நம்பறது?"

"நம்பாதீங்க. புத்தகம் லைப்ரரில இருக்குது. நீங்களே பாருங்க."

தைரியமான மனிதர்களைக் கூட்டங்களில் நிறையப் பார்க்கலாம். அவர்கள் பெரும்பாலும் அடுத்தவன் தப்பைச் சொல்கிறவர்கள். தன் பிழைப்புக்கே உலை வைக்கிற தப்பை, வெளியே யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தானே நடந்து போய்ச் சொன்ன மனிதர் அந்த ஊரில் ஒருவர் இருந்தார்.

ஞாயிறு காலை ஏழு கவுன்சிலர்கள் நூலகத்துக்கு வந்தார்கள். ஐந்து பேருக்கு அதுதான் முதல் தடவை. குப்புசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிர்த்தவர் பட்டியலை விரல் வைத்துப் படித்தார். வெளியே போனவனுக்கு ஓட்டுப் போடலாமா என்று நான்கு பேர் ஒரு பக்கமும் மூன்று பேர் மறுபக்கமுமாகச் சண்டை பிடித்தார்கள். நூலகர் இரண்டு தடவை மேஜையைத் தட்டினார். குமாரவேல் எந்தப் பக்கமும் பேசாமல், அடுத்த வருடத்துப் புத்தகத்தை அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தார்.