அம்மா சாப்பிடப் போகும் வீடு

எங்கள் வீட்டுக் கதவையே எங்கள் முகத்துக்கு எதிரே சாத்தியவள் அண்ணி. கல்யாணமாகி வந்த முதல் போகியன்று அது நடந்தது. மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்காவில் எங்கள் காஜா பெராங் முழுக்க அதே பேச்சாக இருந்த சமயம். அண்ணி மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். நெற்றியில் விபூதி, உடம்பில் கெபாயா, வாயில் மலாய். சாமி பெயர்களையும் சில உறவுப் பெயர்களையும் தவிர அவளிடம் தமிழ் கிடையாது. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த எங்களுக்குத் தமிழ் ஒன்றுதான் சொத்து. அதை வைத்துக்கொண்டு நான் அவளிடம் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல.

அன்று, இறந்துபோன என் அப்பாவுக்கு அவள் வாழையிலை விரித்தாள். செட்டிகள் இதைப் பார்ச்சு என்பார்கள். முன்னோரை மலாயில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, அவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வீட்டார் வெளியே போய்விட வேண்டும்.

"பாத்தியாடி, சொந்த வீட்டுலயே நம்மள வெளிய நிக்க வெக்கிறா" என்று அம்மா வாசலில் நின்று பொருமினாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனால் கதவு திறந்ததும் அம்மா இலையில் மீன் சம்பலைப் பார்த்து அப்படியே உட்கார்ந்து அழுதாள். வருஷா வருஷம் நாங்கள் வைத்த படையல் வடையும் பாயாசமும்தான். அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று அண்ணனிடம் கேட்டுச் சமைத்தவள் இவள் ஒருத்திதான்.

அதோடு அம்மா அவள் பக்கம் போய்விட்டாள். இருவரும் அடுப்படியில், அம்மா அவளிடம் கற்றுக்கொண்ட மலாயில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். நான் போனால் சிரிப்பு நின்றுவிடும். பொறாமைதான், வேறென்ன? சாகக் கிடந்தபோதும் அம்மா, "எனக்கு இலை போடறத மருமகளே போடட்டும். அவ கூப்ட்டா வரணும்போல இருக்கும்" என்றாள். பெற்ற மகள் நான் பக்கத்தில்தான் நின்றேன்.

போன போகிக்கு, நான் வாழ்க்கைப்பட்ட புக்கிட் காதிலில் என் வீட்டில் நானே இலை போட்டேன். அம்மாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்து, நல்ல தமிழில் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெயிலில் நின்றேன். திறந்து பார்த்தால் போட்டது போட்டபடி இருந்தது. யாரும் வந்துபோனதாக மனசுக்குத் தோன்றவில்லை. சாயந்திரம் அண்ணி வீட்டுக்குப் போனேன்.

"அம்மா வந்தாங்களா?"

"பாகி சுடா டாத்தாங், அடிக். காலையிலே வந்தாச்சு, தங்கச்சி. நெறைய மாக்கான்" என்றாள் அண்ணி, இத்தனை வருஷத்தில் ஒட்டிக்கொண்ட தமிழைக் கலந்து, கள்ளமே இல்லாமல்.

எனக்கு வயிறு எரிந்தது. அம்மா பசியாறிவிட்டாள் என்று நிம்மதியாகவும் இருந்தது. என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று அண்ணியிடம் கேட்டேன், அவளுடைய மொழியில்.