அம்மா எண்ணிய படிகள்

தீப்பிடித்த தொடர்மாடியிலிருந்து நான் ஏழு பேரைக் காப்பாற்றிய கதையைக் கேட்காதவர்கள் பாப்பாமோட்டையில் இல்லை. ஐந்தாம் வகுப்பு முழுவதையும் அந்தக் கதையை வைத்தே ஓட்டினேன். முருங்கனில் பஸ்ஸுக்கு நின்றவர்களைக்கூட விடவில்லை. பஸ் வந்த பிறகும் மரியாதைக்காக நின்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதையில் இப்போது ஒரு சிறு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. காப்பாற்றியது நான் இல்லை, அம்மா. அந்த நேரம் முழுவதும் என் வலது காது அவருடைய கையில் இருந்தது. என் பங்கு ஏறக்குறைய அவ்வளவுதான்.

அறுவடை முடிந்து பள்ளிக்கூடமும் விட்டிருந்த நாட்கள். அம்மாவின் தங்கையான சித்தி, கொழும்பில் ஒரு தொடர்மாடியின் ஒன்பதாம் மாடியில் இருந்தா. வந்து நின்று போகும்படி பல வருடமாகக் கூப்பிட்டவ. அப்பா வைக்கோலைக் காரணம் காட்டி நின்றுவிட, அம்மாவும் நானும் போனோம்.

நான் வாழ்க்கையில் கண்ட முதல் லிப்ற் அது. உள்ளே போனதும் எட்டிய பொத்தான்கள் எல்லாவற்றையும் அமத்தினேன். அம்மா மட்டும் வெளியே நின்றார்.

"நீங்கள் போங்கோ. நான் படியால வாறன்."

"அக்கா, ஒன்பது மாடி. விளையாட்டில்லை," என்றா சித்தி.

"எங்கட வயலுக்குப் போறதிலும் கிட்டத்தானே."

"லிப்றுக்குப் பயமோ?"

"ஓம், பயமெண்டே வையன்."

நான் அமத்திய பொத்தான்களின் உபயத்தில் லிப்ற் மாடிக்கு மாடி நின்று போனது. அப்படியிருந்தும் அம்மா எங்களுக்குப் பின்னால்தான் வந்தார், அதுவும் கால் மணித்தியாலம் கழித்து. வியர்த்து வழிந்துகொண்டு வந்தவர் தண்ணீர் கேட்கவில்லை. "பின்பக்கம் இன்னொரு படி இருக்குப் போல," என்றார்.

"அது குப்பை கொண்டுபோற படி அக்கா. ஆரும் பாவிக்கிறேல்லை."

அந்த ஆரும் பாவிக்காத படியைத்தான் அம்மா அன்றிலிருந்து பாவித்தார். காலையில் மரக்கறிக்கு இறங்குவார், ஏறுவார். பின்னேரம் காற்று வாங்க இறங்குவார், ஏறுவார். யன்னல் இல்லாத படி. மின்குமிழ்களில் பாதி எரியாது. கீழே பின்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுப் பூட்டியிருப்பார்கள். அம்மா ஊரிலிருந்து சுமந்து வந்த கருவாட்டைச் சித்தி மணக்கும் என்று குசினிக்குள் விடவில்லை. அது முழுவதும் காவலாளியிடம் போனது. மறுநாள் தொடக்கம் அந்தப் பூட்டு கதவில் இல்லாமல் வெளிச்சுவர் ஆணியில் தொங்கியது.

இரவுச் சாப்பாட்டில் அம்மா அறிக்கை வாசிப்பார்.

"ஒரு வரிசைக்குப் பதினொரு படி. ஆறாம் மாடியில ஆரோ பழைய அலுமாரி ஒண்டைக் கொண்டுவந்து வச்சிருக்கினம். இடக்கைப் பக்கம்."

சித்தியின் மகள், என்னைவிட இரண்டு வயது மூத்த அக்கா, சோறு புரைக்கேறும் வரை சிரித்தாள். நான் அவளைவிட உரக்கச் சிரித்தேன். வந்து மூன்றே நாளில் நான் கொழும்புக்காரன் ஆகியிருந்தேன். அம்மாதான் இன்னும் பாப்பாமோட்டையில் நின்றார்.

இதில் எனக்கு அதிசயமில்லை, வெட்கம்தான். ஊரிலும் அம்மா இப்படித்தான். கலியாண மண்டபத்தில் கதவடிக் கதிரை. பஸ்ஸில் பின்கதவோடு இருக்கை. கோயில் திருவிழாவில் வாசல் ஓரம். பந்திக்கும் பிரசாதத்துக்கும் முந்திக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு என்று நான் நினைத்திருந்தேன். என்னுடைய மூளை எப்போதும் வயிற்றுப் பக்கமாகத்தான் வேலை செய்யும். நான் அம்மாவின் இடுப்பில் இருந்த வயதில் சண்டைக்குப் பயந்து ஊர்ச்சனத்தோடு நாங்களும் ஊரைவிட்டு ஓடி, பல இடம் மாறி, பிறகு திரும்பியவர்கள். அதில் எனக்கு நினைவிருப்பது ஒரு மஞ்சள் வாளி மட்டும்.

ஆறாம் நாள் காலை, சித்தப்பா கந்தோர் வேலைக்குப் போய்விட்டார். நானும் அக்காவும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். அது அணைந்தது. மின்விசிறி நின்றது. யாரோ பிளாஸ்ரிக் வாளியை எரிப்பது போன்ற மணம் வந்தது. கதவைத் திறந்தால் நடையில் சாம்பல் நிறப் புகை. ஐந்தாம் மாடியில், லிப்றுக்குப் பக்கத்திலிருந்த மின்சார அறை பற்றியதென்று பிறகு சொன்னார்கள். முன்படியின் கதவை ஒருவர் திறந்துவிட்டு அதே வேகத்தில் மூடினார். அந்த வழி புகைபோக்கியாகிவிட்டது.

நான் லிப்றிடம் ஓடினேன். பொத்தானை அமத்தினேன். முதல் நாள் எல்லாவற்றையும் அமத்தியதால்தான் லிப்ற் பற்றி எரிகிறது என்று எனக்கு உறுதியாகப் பட்டது. அழுதபடி, மன்னிப்புக் கேட்பது போல, மறுபடி மறுபடி அமத்தினேன். அப்போதுதான் என் காது அம்மாவின் கைக்குப் போனது.

அம்மா நான்கு துவாய்களை நனைத்து வாயில் கட்டிவிட்டார். சித்தி அறைக்குள் அலுமாரிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தா.

"சாவி கிடக்கட்டும். வா வெளியில."

சித்தி வந்தா. அம்மா சித்தியை அதட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நடையில் எதிர்வீட்டுச் சிங்கள ஐயாவும் அவர் மனைவியும், கைக்குழந்தையோடு ஓர் இளம் தாயும் திகைத்து நின்றார்கள். அந்த மாடியில் ஒன்பது வருடமாக இருக்கும் ஐயா எந்தப் பக்கம் போவதென்று என் அம்மாவைப் பார்த்தார். ஆறு நாள் விருந்தாளியான அம்மா குப்பைப் படியின் கதவைத் திறந்தார்.

உள்ளே கும்மிருட்டு. புகை குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

"ஒராளை ஒராள் பிடியுங்கோ. வலக்கை சுவரில இருக்கட்டும். நான் எண்ணுறன், எண்ணுக்கு ஒரு படி. பதினொண்டில திரும்போணும்."

சித்தி அதைச் சிங்களத்தில் சொன்னா. அம்மா எண்ணத் தொடங்கினார்.

"லாபம். ரெண்டு. மூண்டு."

எங்கள் பக்கம் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரைக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அம்மாவுக்கு வேறு விதமாக எண்ணத் தெரியாது. எனக்கு அந்த நிலைமையிலும் வெட்கமாக இருந்தது. கொழும்பில், இத்தனை பேருக்கு முன்னால், நெருப்புக்கு நடுவில், அம்மா நெல் அளக்கிறார்.

"பத்து. பதினொண்டு. திரும்புங்கோ. லாபம்."

ஏழாம் மாடியில் பின்னாலிருந்து ஐயாவும் லாபம் என்று சேர்ந்து சொல்வது கேட்டது. ஆறாம் மாடியில், "இடக்கைப் பக்கம் அலுமாரி, ஒதுங்குங்கோ," என்றார் அம்மா. என் முழங்கை அதன் மூலையில் உரசியது. இரவுச் சாப்பாட்டில் நான் சிரித்த அதே அலுமாரி.

ஐந்தாம் மாடிக்கு வந்தபோது கதவின் கீழிடுக்கால் புகை தள்ளிக்கொண்டு வந்தது. சுவரில் வைத்த கையை எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவு சூடு. குழந்தை இருமியது. மேலே திரும்பிப் போவோம் என்று ஐயாவின் மனைவி அழ ஆரம்பித்தார். அம்மா ஆறு என்றார், இருமினார், பிறகு குரல் வரவில்லை. வரிசை நின்றது. இருட்டில் எட்டுப் பேரின் மூச்சு மட்டும் கேட்டது.

அம்மா என் காதை ஒரு முறுக்கு முறுக்கினார். அதற்கு என்ன பொருள் என்று எனக்கு உடனே விளங்கியது; பள்ளிக்கூட வாய்ப்பாட்டுக்கும் அதே முறுக்குத்தான்.

"ஏழு," என்றேன். கிரீச்சிட்ட குரல், ஆனால் கேட்டது. வரிசை நகர்ந்தது. அதன் பிறகு இரண்டு வரிசைப் படிகளை நான்தான் எண்ணினேன். இரண்டாவதில் எட்டை விட்டுவிட்டேன். பதினொன்று என்று நான் அறிவித்தபோது இன்னும் ஒரு படி மிச்சமிருந்தது. சமதரை என்று நம்பிக் காலை வைத்த ஐயா தடுமாறிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அதன் பொருளை நான் இன்றுவரை யாரிடமும் விசாரிக்கவில்லை.

மிச்சத்தை அம்மா எண்ணினார். கடைசிப் பதினொன்றில் கையை நீட்டித் தாழ்ப்பாளை இழுத்தார். கதவு திறந்தது. பட்டப்பகல் வெயிலும், மீன்காரனின் மணியும், பூட்டுத் தொங்கிய ஆணிக்குப் பக்கத்தில் வாய் திறந்தபடி காவலாளியும்.

அந்த இளம் தாய் குழந்தையை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு வீதியோரத்தில் இருந்து அழுதா. ஐயா அம்மாவைக் கும்பிட்டார். அக்கா என் சட்டையின் பின்புறத்தை இன்னும் விடவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன், ஒரு காது செவ்வரத்தம்பூ மாதிரிச் சிவந்திருக்க. அது என் அம்மா என்று வீதியில் போகிற வருகிற எல்லோருக்கும் சொல்ல வேண்டும் போலிருந்தது. சிலருக்குச் சொல்லவும் செய்தேன்.

ஒரு கிழமை சித்தப்பாவின் சிநேகிதர் வீட்டில் இருந்தோம். லிப்ற் ஓடத் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டதும், ஊருக்குப் புறப்பட எங்கள் பைகளை எடுக்கப் போனோம். நான் பழக்கத்தில் பின்படிப் பக்கம் திரும்பினேன். அம்மா நேரே லிப்றுக்குள் ஏறினார். ஒன்பதைத் தானே அமத்தினார். கண்ணாடியைப் பார்த்துத் தலைமயிரை ஒதுக்கிவிட்டார்.

"அம்மா, பயமில்லையோ?"

"என்ன பயம்? படிதான் இப்ப தெரியுமே."

நெருப்பைக் கண்டதில் அம்மாவுக்கு லிப்ற் பயம் விட்டுப்போய்விட்டது என்று நான் விளங்கிக்கொண்டேன். ஊரில் என் கதையை எப்போதும் அந்த இடத்தில்தான் முடிப்பேன். நல்ல முடிவு, சின்னப் பிள்ளைகள் எல்லாம் சிரிப்பார்கள். பெரியவர்கள் மட்டும் சிரிக்கமாட்டார்கள். நகைச்சுவை விளங்காதவர்கள் என்று அவர்களை விட்டுவிட்டேன். கோயில் வாசல் ஓரத்திலும், பஸ்ஸின் பின்கதவடியிலும், அம்மாவுக்குப் பக்கத்து இடத்துக்கு முண்டியடிப்பவர்கள் அதே ஆட்கள்தான் என்பதை நான் அப்போது கவனித்திருக்கவில்லை.