படகோடு கட்டிக்கொள்வதா

ஊருக்குக் குடிநீர் தரும் ஏரியில் ஐந்து இடங்களில் தண்ணீர் மொண்டு சோதனைக்குக் கொண்டுவருவது என் அத்தையின் வேலை. வாரத்துக்கு இரண்டு முறை, தனியாக, கயாக்கில் போவார். எஞ்சின் படகில் போனால் எண்ணெய் கலந்துவிடும். அப்புறம் சோதனையில் எஞ்சினைப் பற்றித்தான் தெரியும், ஏரியைப் பற்றித் தெரியாது. அதனால் ஓர் ஆள் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடும் அந்த ஒல்லிப் படகு. பதினோரு வருடமாக அதுதான் அத்தையின் வாகனம். கல்யாணமான இரண்டாம் வருடமே விவாகரத்து வாங்கி எங்கள் வீட்டு மாடிக்கு வந்தவர், அடுத்த மாதமே இந்த வேலையில் சேர்ந்துவிட்டார்.

போன மாதம் மூன்றாவது இடத்தில் குப்பியை இறக்கக் குனிந்தபோது பக்கத்திலிருந்து காற்று அடித்துக் கயாக் கவிழ்ந்தது. மிதவைச் சட்டை அத்தையை மிதக்க வைத்தது. கயாக்தான் நிற்கவில்லை. ஆளில்லாத படகைக் காற்று காகிதம் போலத் தள்ளிக்கொண்டு போனது. அவர் கரை சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. விரல்கள் விறைத்துப்போய், வீட்டுப் பூட்டில் சாவியை நுழைக்கக்கூட முடியவில்லை.

மறுநாள் அதிகாரி கூப்பிட்டார்.

"போதும்மா. இனி உள்ளயே குப்பி கழுவுற வேலையைப் பாருங்க. ஏரிக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்."

"வேற ஏற்பாடுன்னா எஞ்சின் படகா சார்?"

"உங்க உசிரு முக்கியம்."

"எனக்கும் அது முக்கியம்தான் சார். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. பத்திரமா போயிட்டு வர்ற வழியை எழுதியும் தர்றேன், செஞ்சும் காட்டுறேன்."

என் அப்பா லாரி ஓட்டுகிறார். விஷயத்தைக் கேட்டதும், "இதுல யோசிக்க என்ன இருக்கு? படகோட உன்னைக் கட்டிக்கோ. அது எங்க ஓடும்?" என்றார்.

"கயித்துல நான் சிக்கிக்கிட்டா?"

"நான் கட்டி விடுறேன். இருபது வருஷமா லோடு கட்டுறேன், ஒரு மூட்டை விழுந்ததில்ல."

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார். "உங்க தங்கச்சி என்ன மூட்டையா?"

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஏரிக்குப் போய், கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் சோதித்துப் பார்த்தோம். அப்பா அத்தையின் இடுப்பில் லாரிக்காரர்கள் போடும் முடிச்சைப் போட்டார். இழுக்க இழுக்க இறுகுவதுதான் அந்த முடிச்சின் பெருமை. அத்தை வேண்டுமென்றே கயாக்கைக் கவிழ்த்தார். கயிறு துடுப்பைச் சுற்றிக்கொண்டு அவரைப் படகுக்கு அடியில் இழுத்தது. இரண்டு கையாலும் முடிச்சைப் பிடித்துப் பிராண்டினார். நனைந்த கயிறு கல்லாகியிருந்தது. முகம் தண்ணீருக்குள் போனது. அப்பா பாய்ந்து போய்க் கயாக்கைத் தூக்கிப் பிடித்தார். கரைக்கு வந்த பிறகும் தான் போட்ட முடிச்சை அவராலேயே அவிழ்க்க முடியவில்லை. கத்தியால் அறுத்தார்.

அறுந்த கயிற்றை வீசி எறிந்தார். "விடு. குப்பி கழுவினா என்ன குறைஞ்சா போயிடுவ?"

அத்தை இருமி முடித்தார். "தப்பு கயித்துல இல்லண்ணே. நீ அவிழக் கூடாதுன்னு கட்டின. எனக்கு அவிழணும்."

"கட்டுறதே அவிழக் கூடாதுன்னுதானே?"

"அப்படிச் சொல்லித்தான் ஒரு தடவை எனக்குக் கட்டி வச்சீங்க."

அம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு அப்பாவும், வேறு வழியில்லாமல்.

அன்றைக்கே அத்தை வேலையை ஆரம்பித்தார். மிதவைச் சட்டைக்கு மேலே இடுப்பில் அகலமான கித்தான் பட்டை, அதில் ஒரு வளையம், வளையத்திலிருந்து கயாக்குக்குக் கையெட்டும் தூரத்துக்கு மேல் நீளாத கயிறு. முடிச்சு, ஷூ லேஸ் போல ஒரு முனையை இழுத்தால் உருவிக்கொள்ளும் முடிச்சு. அந்த முனையில் பெரிய குப்பியின் ரப்பர் மூடியைக் கோத்தார், இருட்டிலும் கைக்குத் தட்டுப்பட வேண்டும் என்று. பட்டையோடுதான் சமைத்தார், துணி மடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஈரக் கையால், இடது கையால் என்று உருவிப் பழகினார்.

இது பாதிப் பதில்தான் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. நான்காவது இடம் மதகுக்குப் பக்கம், தண்ணீர் இழுக்கும். ஐந்தாவது இடத்தில் மூழ்கிய மரங்கள். அங்கே படகு சிக்கினால் அதோடு கட்டியிருப்பவரும் சிக்குவார். ஆகவே முதல் மூன்று இடங்களில் கட்டிக்கொள்வது, மற்ற இரண்டில் கழற்றிவிடுவது என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டணுமா, கூடாதா? ரெண்டையும் எழுதினா நான் எதுக்கும்மா கையெழுத்துப் போடுறது?"

"ஏரி ஒரே மாதிரி இல்லையே சார். மூணு இடத்துல படகு என்னை விட்டு ஓடிடும். ரெண்டு இடத்துல என்னையும் இழுத்துக்கிட்டுப் போயிடும்."

அவரை ஏரிக்குக் கூட்டிப்போய், அவர் கண்முன்னாலேயே அத்தை கயாக்கைக் கவிழ்த்தார். கயாக் ஓடவில்லை, நிமிர்த்தி ஏறிக்கொண்டார். மறுபடி கவிழ்த்து ரப்பர் மூடியை இழுத்தார், கயிறு விட்டது. அதிகாரி கரையோரம் இறங்கி, ஷூ நனைவதைக்கூடக் கவனிக்காமல், "கண்ணை மூடிக்கிட்டு ஒரு தடவை" என்றார். அத்தை அதையும் செய்தார். காற்று பலமாக இருக்கும் நாளில் போகக் கூடாது என்று அதிகாரி ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அத்தை தாளை வாங்கி ஈரக் கையாலேயே அதை எழுதிக்கொடுத்தார். கையெழுத்து விழுந்தது.

செவ்வாய்க்கிழமை அத்தை மறுபடி ஏரிக்குப் போனார். அப்பா டயரைப் பார்ப்பதாகச் சொல்லி ஏரிக்கரையில் லாரியை நிறுத்தினார். ஒரு டயரையும் பார்க்கவில்லை. மூன்றாவது இடத்தில் குப்பி இறங்கி ஏறியது. அத்தையின் கை இடுப்புக்குப் போனது. பிறகு கயிற்றைச் சுருட்டி உள்ளே போட்டுவிட்டு மதகுப் பக்கம் துடுப்புப் போட்டார்.

"கழட்டிட்டா" என்றார் அப்பா. வண்டியை எடுத்தார்.