குண்டில்லாத விமானம்

பதினான்கு வயதில் விட்ட வேலையை ஐம்பத்தெட்டு வயதில் மறுபடி தொடங்கினேன். அந்த நாளில் பிளாஸ்ரிக் மாதிரி விமானங்களை ஒட்டி, எனாமல் பூசி, அலுமாரிக்கு மேல் நிறுத்தி வைத்திருந்தேன். சண்டை தொடங்கிய பின், வீட்டைச் சோதிக்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து அம்மா எல்லாவற்றையும் வளவுக்குள் போட்டு எரித்துவிட்டார். நானும் மறுக்கவில்லை.

போன வருடம் ஓய்வு பெற்றபோது கனடாவிலிருந்து தம்பி ஒரு பெட்டி அனுப்பினான். ஒற்றை இயந்திரம் கொண்ட பழைய காலத்துப் போர் விமானம். சுன்னாகத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் துண்டுகளைப் பரப்பினேன். மனைவி ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

“உது என்ன?”

“குண்டு. செட்டைக்குக் கீழை கொழுவிறது.”

அவள் அதை மேசையில் வைத்தாள். மயிலிட்டியில் பிறந்தவள், குண்டு போடும் பொம்மர் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடி வளர்ந்தவள்.

“பிளேனைச் செய்யுங்கோ. உதுகளைக் கொழுவாதேங்கோ.”

“ஓம்” என்றேன். ஆனால் குண்டு கொழுவுவதற்கான நான்கு துளைகள் இறக்கைகளில் ஏற்கனவே இருந்தன. பட்டி என்ற பசையை வைத்து அடைத்தேன், காய்ந்ததும் அரத்தாளால் தேய்த்தேன், தூரிகையால் சாம்பல் நிறம் பூசினேன். பெயின்ற் காய்ந்ததும் நான்கும் அம்மைத் தழும்பு போல வெளியே தெரிந்தன. சுரண்டிவிட்டு இரண்டாம் முறை பூசினேன். அப்போதும் தெரிந்தன.

மனைவியின் அண்ணன் மயிலிட்டியில் பைபர் படகு திருத்துகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனோடு வந்தவர், செட்டையை வாங்கி வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார்.

“காய்ஞ்ச பேப்பராலையோ தேய்ச்சனீ?”

“ஓம் மச்சான்.”

“தண்ணி பேப்பர் எடு. நனைச்சு நனைச்சுத் தேய். கண்ணை நம்பாதை, விரலாலை தடவிப் பார். பட்டி காய்ஞ்சால் இறங்கும், அதுக்கு மேலை இன்னொருக்கா வை.”

படகுக்குச் செய்வதைத்தான் சொன்னார். அதைக் கையளவு செட்டையில் செய்ய எனக்கு நான்கு நாள் சென்றது. தூரிகையை விட்டுவிட்டுத் தம்பியிடம் சொல்லி பெயின்றை விசிறும் ஒரு சின்ன எயார் பிரஷ் எடுப்பித்தேன். முதலில் அடிப்பூச்சாக அண்டர்கோட், பிறகு புகை படிவது போல மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றும் காயும்வரை பொறுமை. அதிலும் ஒரு பிழை விட்டேன். மங்கலான பெயின்றின் மேலேயே அடையாள ஸ்ரிக்கரை ஒட்டினேன். அடியில் காற்று நின்று ஓரமெல்லாம் வெள்ளையாக மினுங்கியது. பளபளப்பு வார்னிஷ் அடித்து அதன் மேல்தான் ஒட்ட வேண்டும் என்பது ஒரு ஸ்ரிக்கர் வீணான பிறகே விளங்கியது.

வேலை முடிந்ததும் மனைவியிடம் கொடுத்தேன். கவிழ்த்துத் தடவினாள்.

“ஒண்டும் தெரியேல்லை.”

“இடப்பக்கம் ஒண்டு இலேசாத் தெரியும். வெளிச்சத்திலை பிடிச்சுப் பார்.”

யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். “ஓம், கிடக்குது” என்றாள். பிறகு, கையில் விமானம் இருக்க, தன் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். பொம்மர் வந்த ஒரு காலையில், கட்டியிருந்த ஆட்டை அவிழ்க்கவென்று குழியை விட்டு வெளியே போனவர், திரும்பி வரவில்லையாம். கலியாணம் முடித்து முப்பது வருடமாகிறது. அப்படி ஒரு சித்தப்பா இருந்ததே எனக்குத் தெரியாது. சோறு ஆறும்வரை கதைத்தாள்.