இயல்பு என்று தீபா வைத்த வரம்பு

ஆய்வு மாணவி தீபாவுக்கு ஐந்து வருடமாக ஒரு பழக்கம். பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்திருப்பதாகச் சொல்லப்படும் கரும்பொருளைத் தேடும் நிலத்தடிச் சோதனைகளிலிருந்து முடிவு வரும் நாளில், தன் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் எண்ணை ரப்பரால் அழித்துவிட்டு, அதைவிடப் பெரிதாக ஒன்றைப் பென்சிலால் எழுதுவாள். பத்து முப்பதாகி, முப்பது நூறாகியிருந்தது.

சூப்பர்சிமெட்ரி என்ற இயற்பியல் கோட்பாடு சொல்லும் புதுத் துகள்கள் லேசாக இருந்தால் கணக்கு தானாகவே பொருந்தும். அவற்றில் ஒன்றே கரும்பொருளாகவும் இருக்கலாம். கனமாக ஆக ஆக, விடை சரியாக வர எண்களைத் திருகித் திருகிப் பொருத்த வேண்டும். எவ்வளவு திருகலை 'இயல்பு' என்று ஒத்துக்கொள்ளலாம்? அந்த வரம்பைத்தான் அவள் தள்ளிக்கொண்டே போனாள். துகள் மட்டும் எங்கும் அகப்படவில்லை.

தாம்பரத்துக் கல்லூரியில் அவளோடு ஆய்வுக்குச் சேர்ந்தவள் அருள்மேரி. இரண்டாம் வருடக் கருத்தரங்கில் தீபா பேசி முடித்ததும் எழுந்து கேட்டாள்: "இயல்புன்னா எவ்ளோன்னு யாரு முடிவு பண்றது? கெடைக்கலன்னா கோட்டை நகர்த்திக்கினே போவீங்களா?"

தீபாவின் வீட்டில் அவளுக்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. முன்வரிசையில் ஆய்வு வழிகாட்டி உட்கார்ந்திருந்தார். தடுமாறினால் மதிப்புப் போய்விடும் என்று பயம். "கணக்கு வராதவங்கதான் தத்துவம் பேசுவாங்க, மேரி" என்றாள்.

அறையே சிரித்தது. அடுத்த பருவம் அருள்மேரி வரவில்லை. பெரும்பாக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

போன மாதம் தீபாவுக்கு வாய்மொழித் தேர்வு. நூறு ஏன், ஆயிரம் ஏன் இல்லை என்று கேட்டார் வெளியூர்த் தேர்வாளர். அவளுக்கு அருள்மேரியின் பழைய கேள்விதான் நினைவுக்கு வந்தது. அது இயற்கை போட்ட கோடு இல்லை, நாம் போட்டது, கிடைக்காதபோதெல்லாம் நகர்த்தியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டாள். தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆய்வேட்டில் இருக்க வேண்டிய நேர்மையான பதில் இதுதான், முடிவுரையில் சேர்த்துவிடுங்கள் என்றார். "உங்க சொந்த யோசனையா?"

"ஆமா சார்."

மகள் டாக்டர் பட்டம் பெற்றதற்கு இரும்புலியூரில் அம்மா தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். தீபா தன் பங்கைத் தொடவில்லை.

மறுநாள் அருள்மேரியே போன் செய்தாள். "இன்னா டாக்டரம்மா, எங்களாண்டல்லாம் பேசுவியா இனிமே?" குரலில் பழைய மனத்தாங்கல் துளியும் இல்லை. தேர்வில் என்ன கேட்டார்கள் என்று ஆவலாக விசாரித்தாள்.

"எல்லாம் வழக்கமான கேள்விதான்ப்பா" என்று தீபா பேச்சை மாற்றினாள்.

ஏட்டின் இறுதிப் படியைக் கொடுக்கப் பத்து நாள் இருந்தது. நன்றியுரையில் கணினி அறை உதவியாளர் பெயர்கூட இருந்தது. அருள்மேரி என்று தட்டினாள். எதற்காக என்று எழுத வேண்டும். எழுதினால் தேர்வாளர் படிப்பார். பெயரை எடுத்துவிட்டாள்.

ஏடு நூலகத்துக்குப் போய்விட்டது. முடிவுரையில் அந்தப் பத்தி இருக்கிறது, தீபாவின் யோசனையாக. அருள்மேரியிடம் அவள் இன்னும் சொல்லவில்லை.